நாலு மணி என்றால் நாலு மணி

தீவுச் சுற்றுலாவுக்கு வேன் கிளம்பும் நேரம் அதிகாலை நாலு மணி. இதில் என்ன சந்தேகம் வர முடியும்? வாட்ஸ்அப் குழுவில் மூன்று தடவை போட்டார்கள். முந்தைய இரவு வீடு வீடாகப் போன் செய்தும் சொன்னார்கள். "சரியாக நாலு மணிக்கு எடுத்துவிடுவோம், யாருக்காகவும் நிற்காது." நான் அதை நம்பினேன். நாற்பத்தாறு வயதிலும் இதையெல்லாம் நம்பிக்கொண்டு திரிகிறேனே, முதலில் என்னைத்தான் திட்ட வேண்டும்.

மூன்றே முக்காலுக்கு நானும் அத்தையும் மதுரைத் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்றோம். வேன் வந்திருந்தது. டிரைவர் வந்திருந்தார். இருபத்திரண்டு பேர் போகும் பயணத்தில் நாலு மணிக்கு அங்கே இருந்தவர்கள் எங்களையும் சேர்த்து ஐந்து பேர். எழுபத்திரண்டு வயது அத்தை குளத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, வயர்க்கூடையை மடியில் வைத்துக்கொண்டு மைய மண்டபத்தைப் பார்த்தபடி இருந்தார். வேன் புறப்பட்டபோது மணி ஐந்து நாற்பது. அதற்குள் அந்த மண்டபத்தின் தூண்களை நான் எண்ணி முடித்து, மறந்து, மறுபடியும் எண்ணிவிட்டேன்.

நடுவே போன் நாடகம் வேறு. நாலே கால் ஆனதும் ஒரு வீட்டுக்கு அடித்தேன். "வந்துகொண்டே இருக்கிறோம், தெருமுனைக்கு வந்துவிட்டோம்." அப்படியா! தெருமுனையில் எங்கிருந்து ஐயா வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது? வாளி பாதி நிரம்பியிருக்கிறது என்பதுவரை எனக்குச் சத்தத்திலேயே தெரிகிறது. இன்னொரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது, அவர்களும் தெருமுனையில்தான் இருக்கிறார்களாம். இந்த ஊரில் தெருமுனை என்பது அவரவர் குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவே எங்கோ இருக்கிறது போலும்.

மதுரைக்காரர்களுக்கு அதிகாலையில் எழ வராது என்று யாராவது சொன்னால் சிரித்துவிடுவேன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் இதே ஆட்கள் இரவு பத்து மணிக்கே வைகைக் கரையில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிறார்கள். கைக்குழந்தையோடு விடிய விடிய நிற்கிறார்கள். ஏனென்றால் இவர்களுக்காக அழகர் காத்திருக்க மாட்டார் என்று இவர்களுக்குத் தெரியும். நாங்கள் காத்திருப்போம் என்பதும் அதே அளவுக்குத் தெரியும். எழ முடியாதவன் மேல் எனக்குக் கோபமே வராது. என் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு விலையே கிடையாது என்று முடிவு கட்டியவன் மேல்தான் வருகிறது.

சரி, என் நேரம் போகட்டும். அத்தையின் நேரத்தைச் சொல்கிறேன்.

நாங்கள் போனது குருசடைத் தீவுக்கு. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து படகில் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் வரிசையாக இருக்கும் 21 தீவுகளில் ஒன்று. பரப்பளவு 65 ஹெக்டேர் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் விலங்கியல் படித்தவர்களுக்கு அது சின்ன இடம் இல்லை. அத்தை முப்பது வருடம் விலங்கியல் ஆசிரியை. ஃபார்மலின் பாட்டிலில் வெளுத்துப்போய்க் கிடக்கும் பலனோகிளாசஸைக் காட்டியே முப்பது வருடமும் பாடம் நடத்தினார். முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடையில் வைத்துப் பேசப்படும் அந்தப் புழு குருசடையில் மணலுக்குள் வளை தோண்டி வாழ்கிறது. கல்லூரியில் படித்தபோது ஒருமுறை அந்தத் தீவுக்குக் கூட்டிப்போனார்களாம். கடல் வற்றிய மணலில் அது வெளியே தள்ளிய மண் சுருள் சுருளாகக் கிடந்ததையும், அதன் மேல் வீசும் அயோடோஃபார்ம் நெடியையும் இப்போதும் சொல்வார். "ஆஸ்பத்திரி வாசனை கடற்கரையில் வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பார்" என்பார். அந்தச் சுருளை இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தோண்டவோ எடுக்கவோ கூடாது, அதுவும் அவருக்குத் தெரியும். பார்த்தால் போதும். அதற்காகப் பித்தளை விளிம்பு வைத்த தன் பழைய பூதக்கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி, புளியோதரைத் தூக்குக்குப் பக்கத்தில் கூடையில் வைத்திருந்தார்.

அன்றைக்குக் கடல் வற்றுவது காலை ஒன்பது மணி வாக்கில் என்று பாம்பனில் தெரிந்தவரிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்ததும் அத்தைதான். நாலு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்கெல்லாம் குந்துகால். கணக்கு பிசகவே இல்லை. பிசகியது ஆட்கள்.

தாமதமாகக் கிளம்பினோமே, வழியிலாவது விரட்டிப் பிடிப்போம் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! மானாமதுரை தாண்டியதும் ஒருவருக்குத் தலை சுற்றல், வண்டியை நிறுத்து. பரமக்குடியில் டிபனுக்கு அரை மணி நேரம் என்றார்கள், ஒரு மணி நேரம் ஆனது. பரோட்டா கிடைக்குமா என்று காலை ஏழரைக்கு விசாரித்த மகானும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ராமநாதபுரத்தில் மறுபடி தேநீர். அத்தை மட்டும் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, அந்தக் கடலில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எனப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்ட கதையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் இருக்கையில் ஸ்பீக்கரில் பாட்டு அலறியது. அவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது.

பாம்பன் பாலத்தைப் பற்றி என்ன சொல்ல? நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் 1914-இல் கட்டிய பழைய ரயில் பாலம், அதன் அருகிலேயே 2025-இல் திறந்த புதுப் பாலம். இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டுமாம். சாலைப் பாலத்தில் பின்னால் லாரிகள் வரிசையாக ஹாரன் அடிக்க, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று முடியைக் கோதிக்கொண்டிருந்தவர் வேறு யாரும் இல்லை, காலையில் வாளி நிரப்பிய அதே மனிதர்.

குந்துகாலில் இறங்கும்போது பதினொன்று ஐந்து. 1897-இல் மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய விவேகானந்தர் வந்து இறங்கிய கரை அது, நினைவு மண்டபம் இருக்கிறது. அதை நின்று பார்க்கவும் நேரமில்லை. பாசி எடுத்துவிட்டுத் திரும்பிய இரண்டு பெண்கள் ஈரச் சேலையோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், பாறையில் கை கிழியாமல் இருக்க. ஒருத்தி பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே எங்கள் கூட்டத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்நேரத்துக்கா தீவுக்குப் போகிறீர்கள்? காற்று ஏறிவிட்டதே." நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

இனிமேல்தான் என் வயிற்றெரிச்சலின் உச்சம். படகில் ஒரு நடைக்குப் பன்னிரண்டு பேர். நாங்கள் இருபத்திரண்டு பேர். இரண்டு நடை. நியாயப்படி யார் முதலில் ஏற வேண்டும்? மூன்றே முக்காலுக்கு வந்து நின்றவர்களா, ஐந்து முப்பத்தைந்துக்குத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர்களா? இதற்கு ஒரு பஞ்சாயத்தே தேவையில்லை. ஆனால் வேன் கதவு திறந்ததும் கடைசியில் வந்த கூட்டம் முதலில் ஓடியது. காலையில் எட்டு வைக்க ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட கால்களா இவை! லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, முன் வரிசையைப் பிடித்து, கையை ஆட்டியும் காட்டினார்கள். அத்தை முட்டியைப் பிடித்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கி வருவதற்குள் படகு கரையை விட்டுப் போய்விட்டது.

படகு திரும்பி வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகையில் அலை படகின் விலாவில் அறைந்தது. படகோட்டியைக் குறை சொல்ல மாட்டேன், கடலை அறிந்த மனிதர். இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "இருபது நிமிடம்தான் அம்மா. காற்று இன்னும் கூடினால் திரும்புவது சிரமம்." தண்ணீர் ஏறி, மணல் திட்டெல்லாம் மூடிக் கிடந்தது. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி முழங்கால் ஆழம்வரை போய் நின்றார். பூதக்கண்ணாடியைக் கைக்குட்டையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் மூக்கை மட்டும் காற்றில் வைத்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. "விடப்பா, தண்ணீர் நல்ல சூடாக இருக்கிறது" என்றார்.

இருபதாவது நிமிடம் நாங்கள் பத்துப் பேரும் படகுக்கு அருகில் ஆஜர். எங்களுக்கு முன்னால் கிளம்ப வேண்டிய முதல் நடைக்காரர்களில் மூன்று பேரைக் காணோம். குழுப்படம் சரியாக விழவில்லையாம். நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன், அதற்காக வெட்கப்படவும் இல்லை. "ஏன் இவ்வளவு டென்ஷன்? ஜாலியாகத்தானே வந்திருக்கிறோம்" என்று என் தோளைத் தட்டினார் வாளிக்காரர். அந்தத் தட்டு இன்னமும் தோளில் எரிகிறது.

திரும்பும் வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வரும்போது நின்ற இடங்களில் எல்லாம் போகும்போதும் நின்றோம்.

நேற்று வாட்ஸ்அப் குழுவில் வாளிக்காரர் படங்களைப் போட்டிருந்தார், மொத்தம் அறுபத்தெட்டு. அதன் கீழே எழுதியிருந்தார்: "அருமையான பயணம். ஒரே குறை, தீவில் நேரம் போதவில்லை. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகக் கிளம்ப வேண்டும்."

அதற்குக் கீழே பதினாறு கட்டைவிரல்கள். அதில் ஒன்று அத்தையுடையது.