ரத்தக்கட்டியை ஆராய்வதும் புற்றுநோய் ஆராய்ச்சிதான்

நேற்றைய கலந்துரையாடலைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். புற்றுநோயாளிகளுக்கு ஏன் ரத்தம் உறைகிறது என்று அந்த ஆய்வாளர் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். "அதெல்லாம் இருக்கட்டும், புற்றுநோய்க்கு எப்போ மருந்து கண்டுபிடிப்பீங்க?" என்று ஒருவர் குறுக்கே புகுந்தார். உடனே கைதட்டல் வேறு. அவர் சிரித்துச் சமாளித்துவிட்டார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

அவர் செய்வதே புற்றுநோய் ஆராய்ச்சிதான் ஐயா.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. காரணம் தெரியாமல் சிரைகளில் ரத்தம் உறைந்தால் உள்ளே புற்று ஒளிந்திருக்கலாம் என்று பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூஸோ 1865-லேயே சொன்னார். 1867-ல் அவருக்கே அப்படி ரத்தம் உறைந்தது. அதன் பொருள் என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார்.

பல புற்றுச் செல்கள் டிஷ்யூ ஃபேக்டர் என்ற புரதத்தைத் தங்கள் மேல் ஏந்தி நிற்கின்றன. நமக்குக் காயம் பட்டால் மட்டுமே ரத்தத்தைத் தொட வேண்டிய புரதம் அது. காயமே இல்லாமல் தொட்டால்? ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதி உருவாகிறது, ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் வலை பின்னுகிறது, ரத்தக்கட்டி உருவாகிறது. ரத்தத்தில் மிதக்கும் புற்றுச் செல்லை, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) போர்வையாக மூடி, எதிர்ப்புச் செல்களிடமிருந்து மறைப்பதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நோய் பரவவே உறைதல் துணைபோகிறது என்றால், இது எப்படிப் புற்றுநோய்க்கு வெளியே இருக்கும்?

என் பெரியம்மாவுக்குக் கணையப் புற்றுநோய். ரத்தக்கட்டி அதிகம் வரும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கீமோ நடந்துகொண்டிருந்தபோது இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. "படுத்தே இருக்காங்கல்ல, தலையணை மேல காலைத் தூக்கி வைங்க" என்றார்கள். வைத்தோம். அப்புறம் குளியலறைக்கு நடப்பதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்தால், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது.

பிழைத்தார். ரத்தம் உறையாமல் தடுக்க தினமும் வயிற்றில் ஹெப்பாரின் வகை ஊசி. ஊசி போட்ட இடமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். "இன்னைக்கு இந்தப் பக்கம்" என்று அவரே புடவையை விலக்கிக் காட்டுவார். அந்த ஊசி எங்கிருந்து வந்தது? புற்றுநோயாளிகளுக்கு உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் வகை மாத்திரையைவிட, டால்டெபாரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசி நல்லது என்று 2003-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஆறு மாதத்தில் திரும்ப ரத்தக்கட்டி வருவது 17 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. நேற்று கைதட்டலில் அமுங்கிப்போனவரைப் போன்ற ஆட்கள் செய்த வேலை அது.

"அப்படின்னா எல்லாருக்கும் ரத்தம் உறையாத மருந்தைக் கொடுத்துட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். கொடுக்க முடியாது, ரத்தக்கசிவு வரும். வயிறு, குடலில் புற்று இருந்தால் அந்தப் பயம் இன்னும் அதிகம். அதனால்தான் யாருக்கு ரத்தக்கட்டி ஆபத்து அதிகம் என்று கணிக்க 2008-ல் கொரானா (Khorana) மதிப்பெண் என்ற கணக்கு வந்தது. புற்று எந்த உறுப்பில், தட்டணு எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, வெள்ளையணு எவ்வளவு, உடல் பருமன் எவ்வளவு, அவ்வளவுதான். சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே பாதி விடை இருக்கிறது.

"ஹெப்பாரின் கொடுத்து ஆயுள் நீளவில்லையே?" சரி, பெரிய ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மூச்சடைத்துச் சாகவிருந்தவரைக் காப்பாற்றியது கணக்கில் வராதா?

பெரியம்மாவைப் பிறகு புற்றுநோய்தான் கொண்டுபோனது. ஆனால் இடையில் கிடைத்த மாதங்களில் பேரனுக்கு அவர்தான் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். "முழுசா குணமாக்காத ஆராய்ச்சி எதுக்கு" என்று கேட்பவர்கள் அந்தப் பையனிடம் வந்து கேட்கட்டும்.

எங்கள் கையில் கொடுத்த தாளில் என்ன சாப்பிடலாம், எதைத் தவிர்க்கலாம் என்று ஒரு பக்கம் நிறைய இருந்தது. கால் வீக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது கீமோவில் இருந்தால், இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வீங்கியிருந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தலையணை தேடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய், ரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.