அலறுகிறாள் என்று எழுதிவிட்டால் விமர்சனம் ஆகிவிடுமா?

பாழடைந்த கோட்டையும் மர்மமும் அச்சமும் நிறைந்த கோதிக் நாவல்களைப் பற்றிச் சனிக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் நடந்ததை நண்பர்கள் பலரும் பார்த்தீர்கள். மறுபடி விவரிக்கப் போவதில்லை. "கோதிக் நாவலில் பெண் அலறுவாள், மயங்கி விழுவாள், ஆண் வந்து காப்பாற்றுவான், இதில் பாலினம் குறித்து மதிப்பிட என்ன இருக்கிறது?" என்று அந்த மூத்த விமர்சகர் கேட்டதும் எழுந்த சிரிப்புதான் என்னை எழுத வைக்கிறது.

பெண் அஞ்சுகிறாள் என்பது கதைச்சுருக்கம். எதற்கு அஞ்சுகிறாள் என்று கேட்ட பிறகே மதிப்பீடு தொடங்கும். ஆன் ராட்கிளிஃப் 1794இல் வெளியிட்ட 'உடால்ஃபோவின் மர்மங்கள்' நாவலில், கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்துக் கதாநாயகி எமிலி மயங்கி விழுவது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. திரைக்குப் பின்னால் இருந்தது வெறும் மெழுகுருவம் என்று நாவலே பிற்பாடு சொல்லிவிடுகிறது. ஆனால், தன் நிலங்களை எழுதித்தர மறுத்த எமிலியின் அத்தையைக் கணவன் மோன்டோனி கோபுரத்தில் அடைத்து வைத்ததும், நோயில் விழுந்த அவள் பிழைக்காமலே போனதும், அதே நிலங்களுக்காக அவன் அடுத்து எமிலியிடம் கையெழுத்துக் கேட்டு நின்றதும் யாருக்கும் நினைவில்லை. அந்த வீட்டில் பேய் எது என்று இப்போது சொல்லுங்கள்.

"மேற்கத்தியப் பெண்ணியச் சட்டகத்தைத் திணிக்கிறீர்கள்" என்பார்கள். மனைவியின் உடைமை கணவனுக்குப் போய்ச் சேர்ந்த நாட்டில், மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின் மீது உரிமை தந்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகுகாலம் முன்பு எழுதப்பட்ட ஆங்கில நாவலுக்குத் தொல்காப்பியத்தையா பொருத்திப் பார்ப்பது?

"ராட்கிளிஃப் பெண், அதனால் அப்படி எழுதினார்" என்பது அடுத்த வாதம். இரத்தம் குடிக்கும் பிரபு டிராகுலாவைச் சிலர் சேர்ந்து வேட்டையாடும் 'டிராகுலா' நாவல், பிராம் ஸ்டோக்கர் என்ற ஆண் எழுதியதுதானே? எல்லோருடைய நாட்குறிப்புகளையும் தட்டச்சு செய்து, தேதி வாரியாக அடுக்கி, வேட்டைக்கே வழி செய்து கொடுப்பவள் மினா. வேலை முடிந்ததும், பெண்ணுக்கு இது ஆகாது என்று அவளை உறங்க அனுப்பிவிடுகிறார்கள். அந்த நாட்களில்தான் டிராகுலா அவளிடம் வருகிறான். டிராகுலாவால் இரத்தக் காட்டேரியாகி, ஆண்கள் கையால் அழிக்கப்படும் மினாவின் தோழி லூசியின் முடிவைக் காட்டி என்னை மறுப்பவர்களுக்குத் தனிப் பதிவு எழுதுகிறேன்.

முதுகலையில், மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலில், தான் முன்பு படைத்த ஆண் உயிரிக்குத் துணையாக உருவாக்கத் தொடங்கிய பெண் உயிரியை விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் பாதியிலேயே கிழித்தெறியும் இடத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். தான் படைக்கப்படுவதற்கு முன்பே விக்டரும் அந்த ஆண் உயிரியும் பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு அவள் உடன்படாமல் போகலாம் என்பதும் அவனுடைய அச்சங்களில் ஒன்று. இன்னும் உயிர் பெறாதவள் 'முடியாது' என்று சொல்லிவிடுவாளோ என்று ஓர் ஆண் நடுங்குகிறான். அவனை மட்டும் யாரும் அலறுகிறான் என்று எழுதுவதில்லை. என் ஆசிரியர் கட்டுரையில் அந்தப் பத்தியின் ஓரத்தில் சிவப்பு மையில் "உணர்ச்சிவசப்பட்ட நடை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். வாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சனிக்கிழமையும் அதேதான். நான் பேசத் தொடங்கியதும் "நேரமாகிவிட்டது அம்மா, சுருக்கமாக" என்றார்கள். எனக்கு முன்னால் பேசியவர் தம் லண்டன் பயணத்தைப் பற்றியெல்லாம் பேசி முடிக்கும்வரை எவருக்கும் நேரம் ஆகவில்லை. "ஏன் இத்தனை கோபம்?" என்று உள்பெட்டியில் அன்போடு விசாரிக்கும் நண்பர்கள், தயவுசெய்து அந்தக் காணொளியை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அழைத்தவர்கள் உடால்ஃபோவைப் படித்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.