மடிக்கணினி வந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது?

மாவட்டப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகள் கொடுத்தாலே கற்றல் கற்பித்தல் மாறிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கம் (பெரியவர்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) அப்படி நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

சின்ன தோட்டப் பள்ளியில் கணினிப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் மற்றவர்களைப் போல வகுப்பும் எடுக்கிறார். பிள்ளை டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) கடவுச்சொல்லை மறந்தால் அவரிடம்தான் வரும். புரொஜெக்டர் எரியாவிட்டாலும் அவர்தான். அதுவும் அரசின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளி என்றால், பழுது பார்க்கும் செலவு பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலையில் விழுகிறது. இதற்கெல்லாம் யாரும் திறப்பு விழா வைப்பதில்லை!

கற்றல் தளங்களும் நிலையாக இல்லை. முன்பு இருந்த ஃப்ரோக் தளம் 2019-இல் நின்று கூகுள் கிளாஸ்ரூம் வந்தது. 2020 ஜூனில் டெலிமா. சரி, டெலிமா நல்ல தளம்தான், மின்பாடநூல்கூட இருக்கிறது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி காலையிலேயே அப்பாவோடு செம்பனைக் காட்டுக்குப் போய்விடுகிறதே.

பாடநூலையும் பயிற்சிகளையும் பள்ளி இணையத்திலேயே இறக்கி, கருவியில் ஏற்றி அனுப்பலாம். குரோம்புக் (கூகுளின் இயங்குதளம் உள்ள மடிக்கணினி) என்றால் இணையம் இல்லாமல் வேலை செய்யும் வசதியைப் பள்ளியிலேயே முடுக்கிவிட வேண்டும். தோட்ட லயத்து வீட்டுக்குப் போன பிறகு, இணைய லைன் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. அப்புறம், நாலைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு தொழில்நுட்பரை மாவட்டக் கல்வி அலுவலகம் போட்டால், பத்து மடிக்கணினி குறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பேன்.