விடை நாலு செகண்டுன்னு எங்களுக்கும் தெரியும்!

ராத்திரி பன்னெண்டாகப் போகுது, இன்னும் வயிறு எரியுது, எழுதிட்டுத்தான் படுக்கணும். டியூஷன்ல டவுட் கேட்கப் போயிட்டு மூஞ்சி தொங்கிப் போய் வீட்டுக்கு வர்ற பிள்ளைய பார்த்தவங்களுக்கு நான் ஒண்ணும் வெளக்க வேணாம்.

பலூன் கணக்கு. பலூன் செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல மேல போயிட்டிருக்கு, தரையில இருந்து 40 மீட்டர் உயரத்துல இருக்கும்போது ஒரு கல்லை விடுறாங்க, அது தரைக்கு வர எவ்வளவு நேரமாகும், ஜி, அதான் புவியீர்ப்பு முடுக்கம், 10ன்னு வச்சுக்கணும். எம்மக பதினொன்னாவது. யூ, அதான் கல்லு கிளம்புற வேகம், ஜீரோன்னு போட்டு ரூட் எட்டு, 2.83 செகண்டுன்னு கொண்டு வந்திருக்கா. புக்கு பின்னாடி விடை 4. மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டும் அதே 2.83. அப்பறம் பலூனும் கல்லும் படமா வரைஞ்சு, அதுக்குக் கீழ பென்சில்ல ஒரு வரி எழுதியிருக்கா. "கல்லை சும்மாதான விடுறாங்க, எறியலையே, யூ எப்படி ஜீரோ இல்லாம போகும்?"

டவுட்டு அம்புட்டுத்தாங்க. இந்த ஒரு வரிய மட்டும் படிச்சிருந்தா போதும். ஒருத்தர் படிக்கல. ஒருத்தர்கூட!

டியூஷன் முடிஞ்சு சாரை சுத்தி இருபது பிள்ளைக நிக்குது, இவளும் முக்கால் மணி நேரம் நின்னிருக்கா. முறை வந்ததும் நோட்டை நீட்டுறா. அவர் படத்தைப் பார்க்கல, பென்சில் வரியைப் பார்க்கல, இவ கையில இருந்த பேனாவையே வாங்கி அவ போட்டது மேல குறுக்க ஒரு கோடு. பக்கத்துல எஸ் ஈக்குவல் டு யூடி பிளஸ் ஹாஃப் ஏடி ஸ்கொயர்னு எழுதுறார், மைனஸ் 40, பிளஸ் 10, மைனஸ் 5ன்னு அடுக்குறார், குவாட்ராட்டிக் போடுறார், டி ஈக்குவல் டு 4 இல்லன்னா மைனஸ் 2, "நெகட்டிவ் டைம் ரிஜெக்ட்"னு அதையும் அடிச்சு விடுறார், நோட்டைக் குடுத்துட்டு "நெக்ஸ்ட்". இந்த மொத்தக் கூத்தும் அரை நிமிஷம்கூட இல்லையாம். இவ விடாம, "சார், யூ ஏன் பத்து? விடத்தான செய்றாங்க?"ன்னு கேட்டிருக்கா. அதுக்கு அவர் சொன்னதைக் கேளுங்க, "பலூன்னு வந்தா யூவுக்கு பலூன் ஸ்பீடைப் போடணும், மனப்பாடம் பண்ணிக்கம்மா, இதுகூட தெரியாம நீ எப்படி நீட் எழுதப் போற?" சுத்தி நின்ன பசங்க சிரிச்சிருக்காங்க.

பலூன்னு வந்தா பலூன் ஸ்பீடு. அப்ப லிஃப்ட்னு வந்தா? ஹெலிகாப்டர்னு வந்தா? ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மனப்பாடமா?

வீட்டுக்கு வந்து அந்த டவுட் கேட்கிற ஆப்ல போட்டோ எடுத்துப் போட்டா. டக்குன்னு வந்துச்சு பதில், சார் எழுதின அதே வரி, பிரிண்ட்ல. ஏன்னு திரும்பக் கேட்டா, ரெண்டு விளம்பரத்துக்கு அப்பறம் ஒரு வீடியோ, அதுலயும் ஒருத்தர் அதே வரியைப் போர்டுல எழுதுறார். சரி, சொந்தக்காரங்க குரூப்ல இஞ்சினியரு நாலு பேரு இருக்காங்களேன்னு நானே அதுல போட்டேன். முதல் பதில் "4 செக்". ரெண்டாவது பதில் "ஆமா 4". மூணாவதா அவ பெரியப்பா, "ரொம்ப ஈஸிம்மா இது, எங்க காலத்துல மனசுலயே போடுவோம்"னு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறாரு. ஈஸின்னு சொன்னா பிள்ளைக்கு என்னத்தங்க புரியும்? அவங்களுக்கு ஈஸியா இருக்கிறது தனக்குப் புரியலையேன்னு அது இன்னும் குறுகிப் போகும், வேற என்ன? நாலுன்னு எங்களுக்குத் தெரியும்! விடை தெரியாமலா கேட்டோம்?

எனக்கு எங்க ஆறலைன்னா, இவ கேட்டது முட்டாள்தனமான கேள்வியே இல்ல. ஓடுற கப்பலோட பாய்மர உச்சியில இருந்து கல்லைப் போட்டா கல்லு பின்னாடி போய் விழும், கப்பல்தான் அதுக்குள்ள முன்னாடி போயிடுதேன்னு பெரிய பெரிய படிப்பாளிகளே நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. இல்லய்யா, கப்பலோட வேகம் கல்லுக்கும் இருக்கு, பாய்மரத்தடியிலயேதான் விழும்னு 1632ல கலிலியோ எழுதினாரு. 1640ல கசாந்தின்னு ஒருத்தர் பிரான்ஸ்ல மார்செய் துறைமுகத்துல நெசமாவே கப்பலை ஓட்டி, கல்லைப் போட்டுக் காட்டினாரு. காட்டினாருங்க! மனப்பாடம் பண்ணுன்னு சொல்லல. அவ்வளவு பெரிய ஆளுங்க சண்டை போட்ட கேள்விய பதினாறு வயசுப் பிள்ளை தானா யோசிச்சுப் பென்சில்ல எழுதிட்டு வந்து நிக்குது, அது மேல குறுக்க கோடு போட எப்படிங்க மனசு வருது?

நீட்ல 180 நிமிஷத்துக்கு 180 கேள்வி, அதுல பிசிக்ஸ் 45, தப்பாப் போட்டா ஒரு மார்க் போயிரும், தெரியும், அந்த சாரையும் அதுதான் துரத்துது. ஆனா கேள்விக்கு ஒரு நிமிஷம்ங்கிறது பரீட்சை ஹால்ல. டவுட் கேட்கிற இடத்துல எதுக்கு அந்த ஒரு நிமிஷம்? அதுக்குத்தான காசு கட்டி அனுப்புறோம்?

கடைசியில நாங்களே உட்கார்ந்தோம். நான் தமிழ் மீடியம், எனக்கு நிலைமம்னு படிச்ச ஞாபகம், ஓடுற பொருள் தன் வேகத்தைத் தானா விடாதுங்கிறது. ஓடுற டவுன் பஸ்ஸுல இருந்து இறங்குறவன் பஸ் போற பக்கமே நாலு அடி ஓடித்தான நிக்கிறான், காலு தரைக்கு வந்துருச்சு, ஒடம்புல பஸ்ஸோட வேகம் அப்படியேதான இருக்குன்னு கேட்டேன். யோசிச்சா. அப்பறம் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குடுத்து, கையை சர்ருன்னு மேல தூக்கிக்கிட்டே வெரலை மட்டும் விரி, எறியாதன்னேன். பழம் மேல போயிட்டுத்தான் கீழ வந்துச்சு. அவ மூஞ்சியப் பார்க்கணுமே! "அப்ப கல்லு மொதல்ல மேல போகும்மா!"ன்னு கத்திக்கிட்டே நோட்டை இழுத்துட்டா. ஒரு செகண்டு மேல, 5 மீட்டர் ஏறுது, அங்க நின்னு 45 மீட்டர்ல இருந்து விழ மூணு செகண்டு, மொத்தம் நாலு. குவாட்ராட்டிக்கே வேணாம். இதைச் சொல்ல எனக்கு ஆனது பத்து நிமிஷம்.

அதோட விட்டாளா? அந்த ரிஜெக்ட் பண்ண மைனஸ் 2வையும் எடுத்துட்டு உட்கார்ந்துட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அம்மா, ரெண்டு செகண்டுக்கு முன்னாடி யாராச்சும் தரையில இருந்து 30 ஸ்பீடுல ஒரு கல்லை மேல எறிஞ்சிருந்தா, அது இப்ப கரெக்டா 40 மீட்டர் உயரத்துல, பத்து ஸ்பீடோட பலூன் பக்கத்துல வந்து சேரும்மா, பலூன்ல இருந்து விட்ட கல்லும் அதுவும் ஒண்ணாவே விழும்"னு சொல்றா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இந்தப் பிள்ளையத்தான் நாலு பேரு முன்னாடி சிரிக்க வச்சு அனுப்பியிருக்காங்க.

அடுத்த கணக்கு ஆத்தைக் கடக்கிற படகாம். ஆத்துத் தண்ணி செகண்டுக்கு மூணு மீட்டர் வேகத்துல ஓடுது, படகு குறுக்க போகுது. காலையில பாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி, ஒரு கட்டையைப் போட்டுக் காட்டலாம்னு வாயெடுத்துட்டேன், அவ என்னைப் பார்க்க நான் அவளைப் பார்க்க ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. வைகையில தண்ணி எங்க ஓடுது? பாலத்துல நின்னு குனிஞ்சு பார்த்தா ஆகாயத்தாமரையும் சாக்கடையும் தேங்கிக் கிடக்கு, மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் தாண்ட வேண்டியிருக்கு, அதை எவன்கிட்டங்க போய்க் கேட்கிறது?