பெயர் சொல்லிக்கொடுத்தது தப்பா?

சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நடந்தது எங்கள் தண்டையார்பேட்டை ஆட்களுக்கு எல்லாம் தெரியும். மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த வகுப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று இன்று கேள்விப்பட்டதும் முடியவில்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண், காது, மூக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர் அதோடு ஆண்குறி, பெண்குறி என்றும் சொல்லிக்கொடுத்தார். யாராவது அங்கே தொட்டால் அந்த இடத்தின் பெயரைச் சொல்லி அம்மாவிடம் சொல்லு என்றார். அவ்வளவுதான். அதற்கு அந்தக் கத்தல்.

"பிஞ்சிலேயே பழுக்க வைக்கிறீங்களா" என்றார் ஒரு அப்பா. பெயர் தெரிந்தால் பிள்ளை எப்படிப் பழுக்கும்? குளிப்பாட்டும்போது "ஷேம் ஷேம்" என்று சொல்லியே வளர்க்கிறோம். அந்த இடத்தைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரிந்தது வெட்கம் ஒன்றுதான். எவனாவது கை வைத்தால் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும்.

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம், போலீஸ் யூனிஃபார்ம் இல்லாமல் வந்து பிள்ளை சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது. சொல்வதற்கு வார்த்தையே இல்லாத பிள்ளையிடம் என்னத்தை எழுதுவது?

எனக்கு அப்போது எட்டு வயது. கொருக்குப்பேட்டையில் ஆறு குடித்தனம் இருந்த வீடு. பக்கத்து போர்ஷன் மாமா. அந்த இடத்துக்குப் பெயர் தெரியாததால் "அங்க ஒரு மாதிரி இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன். "சூடு பிடிச்சிருக்கும்" என்று அம்மா தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தார். மறுநாளும் அதே வீட்டுக்குக் குழம்புக் கிண்ணத்தைக் கொடுத்து என்னைத்தான் அனுப்பினார்.

"நம்ம ஏரியாவுல அப்படி யாரும் இல்ல, எல்லாரும் சொந்தம் மாதிரி" என்கிறீர்கள். அவரும் சொந்தம் மாதிரிதான். எங்களுக்கு ரேஷன் கடையில் வரிசை பிடித்துக் கொடுத்தவர்.

"பையன்களுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று கேட்டவருக்கு: 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் பையன்கள். என் மகனும் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான்.

சரி, முன்கூட்டியே நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண்ணை "உனக்குப் பிள்ளை இருக்கா" என்று கேட்பீர்களா? யார் கேட்டது என்று எனக்குத் தெரியும். இதைப் படிப்பீர்கள் என்றும் தெரியும்.

அம்மா மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. "எங்களுக்கு மட்டும் யாரு சொல்லிக்கொடுத்தாங்க" என்பார். நிஜம்தான். ஆனாலும் விளக்கெண்ணெய் வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிரட்டும்.

அந்த வகுப்பு திரும்ப நடக்க வேண்டும் என்று நாளை காலை எட்டரைக்குத் தலைமையாசிரியரைப் பார்த்துக் கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள். யாரும் வராவிட்டாலும் போவேன்.