ஆமிக்கு வக்காலத்து வாங்கேல்லை

அமெரிக்க ஆமியில திருநர்கள் இருக்கக்கூடாது எண்ட தடையைப் பற்றி பேஸ்புக்கில வந்த பதிவுக்குக் கீழ நேற்று நடந்த கூத்தைப் பாத்தவைக்கு விளக்கம் தேவையில்லை. பாக்காதவை தேடிப் போகாதேங்கோ.

அந்தத் தடை, ட்ரம்ப் 2025 ஜனவரி 27இல போட்ட கையெழுத்து. மே 6இல உச்ச நீதிமன்றம், வழக்கு முடியுமட்டும் தடையை அமுல்படுத்தலாம் எண்டு விட்டுது. திருநர்கள் வேலையை விட்டுப் போகினம், எங்கட ஆக்கள் ஹாஹா போடுகினம். "இதுகள் துவக்குத் தூக்கி என்னத்தைக் கிழிக்கப் போகுதுகள்?" எண்டு ஒருத்தர். தடைக்கு எதிரா வழக்குப் போட்ட எமிலி ஷில்லிங், கடற்படை விமானியா 60 தரம் போருக்குப் பறந்தவ. கேட்டவருக்குக் காலி வீதியில ரிவர்ஸ் எடுக்க ஒரு ஆள் இறங்கிக் கை காட்ட வேணும்.

நான் சொல்லுறது ஒண்டுதான். ஆள் வேலைக்குச் சரியோ எண்டு வேலையை வச்சுப் பாருங்கோ. உடம்பைத் தோண்டாதேங்கோ.

"மருத்துவச் செலவு?" 2016இல ராண்ட் எண்ட அமெரிக்க ஆய்வு நிறுவனம் கணக்குப் பாத்தது, ஆமியில இருக்கிற திருநர்களின்ர பாலின மாற்றுச் சிகிச்சைக்குக் கூடிப்போனா வருசத்துக்கு 84 லட்சம் டொலர். அதே இராணுவம் 2014இல ஆம்பிளையளின்ர விறைப்புக் குறைபாட்டு மருந்துக்குக் கொட்டினது 8 கோடி 40 லட்சம். அதுக்கு ஒருத்தரும் ஹாஹா போடேல்லை.

"ஒழுங்கு கெடும்" எண்டுறவைக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. நெதர்லாந்து 1974இலயே திருநர்களை ஆமியில சேத்தது, அந்த நாடு இன்னும் அங்கேயேதான் இருக்குது.

தென்கொரியாவில பியொன் ஹுய்-சு எண்டு ஒரு பிள்ளை, ஆமியில டாங்கி ஓட்டினவ. பாலின மாற்றுச் சத்திரசிகிச்சை செய்ததை ஊனம் எண்டு எழுதி 2020 ஜனவரியில அனுப்பிவிட்டாங்கள். 2021 மார்ச்சில அவ வீட்டில செத்துக் கிடந்தா. ஒக்டோபரில நீதிமன்றம், நீக்கினது பிழை எண்டுது. ஆருக்குச் சொன்னது? டாங்கி ஓட்டத் தெரியாதெண்டு அவவை ஒருத்தரும் சொல்லேல்லை. திரும்பவும் சொல்லுறன், வேலையைப் பாருங்கோ.

இனி அந்தப் பெரிய கேள்வி. "தமிழனா இருந்துகொண்டு ஆமிக்கு வக்காலத்தோ?" ஐயா, எனக்கு எந்த நாட்டு ஆமியிலயும் சேர ஆசையில்லை. சேர விருப்பமில்லாதது வேற, நீ ஆளே இல்லை எண்டு தள்ளிவிடுறது வேற. விளங்காத மாதிரி நடிக்காதேங்கோ.

ஆமியைப் பற்றி எனக்குப் படிப்பிக்கவும் வேண்டாம். 2008இல இலங்கையில ஒரு சோதனைச்சாவடியில பஸ்ஸால இறக்கினவங்கள். ஆம்பிளையளுக்கு ஒரு லைன், பொம்பிளையளுக்குச் சீலை கட்டி மறைச்ச இன்னொண்டு. எனக்குக் கட்டை மயிர், சேட்டு. அடையாள அட்டையில பொம்பிளைப் பேர். அங்க போ எண்டான் ஆமிக்காரன், அங்க போனா திரும்பிப் போ எண்டாள் ஆமிக்காரி. சந்தேகப்பட மட்டும் நான் முழுத் தகுதியான ஆள், அதுக்கு மெடிக்கல் தேவைப்படேல்லை. துவக்கு வச்சிருந்தவன் சிரிச்சதை நான் எப்பவோ விட்டிட்டன். லைனில நிண்ட எங்கட சனம் சிரிச்சதே, அதைத்தான் விட முடியேல்லை. என்னைப் போலவே அட்டையைக் கையில பிடிச்சுக்கொண்டு, என்னைப் போலவே பயந்துகொண்டு நிண்ட சனம்.

2016இல சுகாதார அமைச்சின்ர சுற்றறிக்கை வந்து, பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, அட்டையையும் மாத்தியாச்சு. சிரிப்பு மட்டும் அப்பிடியே இருக்குது. இப்ப பேஸ்புக்கில நிண்டு சிரிக்கினம், வெய்யில் இல்லை எண்டதுதான் வித்தியாசம்.

"சும்மா பகிடிக்குத்தானே அண்ணை" எண்டு இன்பொக்ஸில வந்த தம்பிக்கு: முதல் ஹாஹா உன்ரதுதான், பாத்தனான். எங்கட வீட்டில அம்மா போட்டுத் தந்து சாப்பிட்டு வளந்தவன் நீ. அதை எடுத்துப்போட்டு வா, கதைப்பம். எடுக்க மனமில்லாட்டி, ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைப் பக்கம் வராதை.