மார்கரிட்டாவில் பன்னீர் சோடாவை ஊற்றிவிட்டான்

ஐஸ் எடுக்கத்தான் திரும்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் சித்தப்பா மகன், டெக்கிலாவும் எலுமிச்சையும் கலந்து நான் செய்து வைத்திருந்த மார்கரிட்டா என்கிற காக்டெயிலுக்குள் பன்னீர் சோடாவைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறான். "ரொம்பப் புளிக்குதுண்ணே, அதான்" என்கிறான். அவன் கிண்ணத்தில் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்று கிண்ணத்திலும் ஊற்றினான். எல்லாருக்கும் சமமாக!

நேற்று ராத்திரி நடந்தது இது. இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

டெக்கிலா என்பது அகாவே என்ற செடியிலிருந்து வடிக்கும் மெக்சிகோ மது. அந்த டெக்கிலா பாட்டில் எட்டு மாதமாக என் பீரோவில் இருந்தது. அயித்தான் சிங்கப்பூரிலிருந்து வரும்போது கையிலேயே பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தது. லேபிளில் 100 சதவீதம் அகாவே என்று போட்டிருக்கும் சரக்கு. அப்படிப் போடாத பாட்டிலில் 51 சதவீதம் அகாவேயும் மீதி வேறு சர்க்கரையும் இருந்தாலே டெக்கிலா என்று விற்கலாம். அது தெரிந்துதான், "வாங்கினா 100 போட்டதை வாங்குங்க, இல்லாட்டி வேண்டாம்" என்று அயித்தானிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

அகாவே என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? நம் ஊர் ரயில் பாதை ஓரம் வேலி மாதிரி நிற்கிறதே கற்றாழை, அதன் சொந்தக்காரச் செடி. நீலம் பூத்த ஒரு வகை. மெக்சிகோவில் ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நாலு மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்ததற்குத்தான் டெக்கிலா என்ற பெயரே செல்லும். நட்ட செடி முற்ற ஆறேழு வருடம் ஆகும். மடலையெல்லாம் அரிந்து தள்ளி, நடுக்கிழங்கை எடுத்து, அடுப்பில் வேகவைத்து, பிழிந்து, புளிக்கவைத்து, வடிக்கிறார்கள். எங்களிடம் இருந்தது ரெபோசாடோ. வடித்த பிறகும் குறைந்தது இரண்டு மாதம் ஓக் மரப் பீப்பாயில் கிடந்தது. ஆறேழு வருடம் மண்ணில் நின்றதை ஆறேழு நொடியில் சோடாவில் முக்கினான் என் தம்பி.

எலுமிச்சைக்கு வருகிறேன். இந்த வெயிலில் எலுமிச்சை என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒரு பழம் எட்டு ரூபாய். அதிலும் கடைக்காரர் கொடுத்த முதல் நாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தோல் மெலிந்து, அமுக்கினால் விரலுக்கு இணங்கும் பழமாக ஆறு பொறுக்கினேன். மார்கரிட்டாவுக்கு நம் நாட்டு எலுமிச்சையைவிடப் பொருத்தமான பழம் கிடையாது. மெக்சிகோக்காரர்கள் வீட்டில் புழங்கும் குட்டி எலுமிச்சையும் நம்முடையதும் ஒரே இனம். ஆசியாவிலிருந்து அரபு நாடு வழியாக ஸ்பெயின் போய், அங்கிருந்து கப்பலேறிப் போன பழம் அது. அமெரிக்காவில் பெரும்பாலான கடைகளில் கிடைப்பது விதையில்லாத பெரிய ரகம், அதற்கு இந்த வாசனை வராது. நமக்கோ வாசலில் கூடையில் வந்து நிற்கிறது. அதைப் பிழிந்து வைத்தால், புளிக்கிறதாம்! எலுமிச்சை புளிக்காமல் பின்னே என்ன செய்யும்?

உப்பு. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாக்கெட் பொடியுப்பைத் தொட்டால் கிண்ணத்து விளிம்பு சுண்ணாம்பு அடித்த மாதிரி அப்பிக்கொள்ளும், வாய் முழுக்கக் கரிக்கும். ஆத்தாவின் பீங்கான் ஜாடியிலிருந்து கல் உப்பு ஒரு பிடி எடுத்து, இஞ்சி தட்டும் சின்ன உரலில் இரண்டே தட்டு தட்டினேன். பொடியாகக் கூடாது, உடைய வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் எலுமிச்சை மூடியால் விளிம்பின் வெளிப்பக்கத்தை மட்டும் ஈரமாக்கி, அதுவும் பாதி வட்டம்தான், உப்பில் உருட்டி எடுத்தேன். உள்பக்கம் பட்டால் உப்பு பானத்தில் விழுந்துவிடும். பாதி வட்டம் எதற்கு என்றால், உப்பு வேண்டும்போது இந்தப் பக்கம், வேண்டாதபோது அந்தப் பக்கம் உறிஞ்சலாம். ஒரு ஒழுங்கோடுதான் செய்தேன் ஐயா.

கிண்ணங்களும் சும்மா கிண்ணங்கள் இல்லை. பாட்டையா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த, காலுள்ள அகன்ற கண்ணாடிக் கிண்ணங்கள். ஒரு டஜன் வந்ததில் இப்போது மூன்றுதான் மிச்சம். கீழே வளவில் அப்பத்தா இருக்கிறார், அதனால் சத்தம் வராமல் துணியில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனேன்.

அளவு கேட்டால் டெக்கிலா 50 மில்லி, ஆரஞ்சுத் தோல் மதுவான குவாந்த்ரோ 20, எலுமிச்சைச் சாறு 15. உலக பார்டெண்டர் சங்கத்தின் கணக்கு அதுதான், நான் சாற்றை 20 ஆக்கிக்கொள்வேன். இருமல் மருந்து மூடியில் கோடு பார்த்து அளந்தேன். வாயகன்ற எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலில் ஐஸோடு போட்டு, பதினைந்து எண்ணும்வரை குலுக்கினேன். பாட்டிலின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்து, விரல் மரத்துப்போக வேண்டும். அதற்குள் ஐஸ் கொஞ்சம் கரைந்திருக்கும், அந்தத் தண்ணீரும் அளவில் சேர்ந்ததுதான். டீ வடிகட்டியில் வடித்தேன். இளம் மஞ்சளும் பச்சையும் கலந்து, மேலே மெல்லிய நுரைக் கோலத்தோடு மூன்று கிண்ணம் ஆத்தங்குடித் தரைமேல் வரிசையாக நின்றன. எட்டு மாதக் காத்திருப்பு அந்த மூன்று கிண்ணத்தில் இருந்தது.

"தண்ணி ஜக்குல ரெண்டு ஐஸ் போடப்பா" என்றார் அயித்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் எழுந்து அறைக்குள் போனேன்.

அவன் எப்படி ஊற்றினான் தெரியுமா? பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கி, கல்யாண வீட்டில் ரசம் ஊற்றுகிற மாதிரி. சோடா பொங்கியது. பொங்கி விளிம்பு தாண்டியது. நான் இரண்டே தட்டு தட்டி, பாதி வட்டம் உருட்டி வைத்த உப்பைக் கழுவிக்கொண்டு கண்ணாடிக் காலில் வழிந்து தரையில் ஓடியது. மாடி முழுக்க ரோஜா வாசம். கல்யாணத்தில் வாசலில் நின்று தெளிப்பார்களே, அதே வாசம். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அவன் மூன்றாவது கிண்ணத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

பன்னீர் சோடாமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கறிச்சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மத்தியானம் ஒரு பன்னீர் சோடா குடித்தால் அது தனி சுகம், நானே குடிப்பேன். ஆனால் எதற்குள் எதை ஊற்றுவது என்று ஒரு முறை வேண்டாமா? கந்தரப்பத்தில் மிளகாய்த்தூள் தூவுவாயா? உப்புக்கறியில் ஜீராவை ஊற்றுவாயா? ஊற்றினால் அப்பத்தா உன்னைப் பந்தியில் உட்கார விடுவாரா? நம் சாப்பாட்டில் ஒரு கிள்ளு கல்பாசி கூடிவிட்டால் மூன்று நாள் பேசுகிறவர்கள், அடுத்த நாட்டுப் பண்டம் என்றால் மட்டும் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்று எப்படி நினைக்கிறார்கள்?

அதற்கும் பதில் வைத்திருக்கிறான். "அமெரிக்காவுல மார்கரிட்டாவை ஐஸ்கிரீம் மெஷின்ல போட்டுச் சுத்துறாங்களேண்ணே, அதுக்கு என்ன சொல்றீங்க?" சொல்கிறேன், கேள். 1971ல் டல்லாஸ் நகரத்தில் மரியானோ மார்ட்டினெஸ் என்பவர் அந்த மெஷினை வைத்தார். கடையில் கூட்டம் தாங்கவில்லை, ஒவ்வொரு கிளாஸும் ஒவ்வொரு ருசியாகப் போனது, எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும் என்று தவித்த மனிதர் அவர். அந்த மெஷின் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் ருசி மாறக் கூடாது என்பதற்காக மெஷினைக் கொண்டுவந்தார். நீ ருசியை மாற்றுவதற்காக சோடாவைக் கொண்டுவந்தாய். இரண்டும் ஒன்றா? 1953 டிசம்பரில் எஸ்குயர் பத்திரிகை போட்ட செய்முறையிலும் டெக்கிலா, ஆரஞ்சு மது, எலுமிச்சை, விளிம்பில் உப்பு, இவைதான். எழுபது வருடமாக இந்த நாலுக்குமேல் அதற்கு எதுவும் தேவைப்படவில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது அயித்தான் செய்தது. சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்தவர் அவர். அவராவது ஒரு சத்தம் போட வேண்டாமா? கிண்ணத்தை எடுத்து, ஒரு மடக்கு குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தானப்பா இருக்கு" என்றார். அதற்கு மேல் நான் அங்கே என்ன பேச?

அப்புறம் இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, புறங்கையில் உப்பை வைத்து நக்கி, பாட்டிலில் இருந்ததை மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டார்கள். பீப்பாயில் கிடந்து வாசம் ஏறிய சரக்கு அது. நிதானமாக உறிஞ்சவேண்டியதை மருந்து மாதிரி விழுங்கினார்கள். நான் கழுவிய கிண்ணங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் படுத்த பிறகு பார்த்தேன். பாட்டிலில் சரியாக ஒரு கிண்ணத்துக்கு இருந்தது. எலுமிச்சையும் ஒன்று மிச்சம். சரி, இந்த ஒன்றையாவது உருப்படியாகக் குடிப்போம் என்று உப்பு தொட்டு, அளந்து, எல்லாம் எடுத்துவைத்துவிட்டு பிரிட்ஜைத் திறந்தால் ஐஸ் ட்ரே காலி. காலி ட்ரேயை அப்படியே திரும்ப உள்ளே வைத்திருக்கிறார்கள்! பன்னீர் சோடாவைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேன். கடைசி ஐஸை எடுத்துவிட்டு, தண்ணீர் நிரப்பாமல், காலி ட்ரேயை ஒன்றும் தெரியாத மாதிரி உள்ளே தள்ளுகிறவர்களை எப்படி மன்னிப்பது? குழாய் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. இரண்டடி! எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பானையும் இப்படித்தான், பால் பாத்திரமும் இப்படித்தான், குளியலறை வாளியும் இப்படித்தான். முடித்தவர் யாரோ, நிரப்புகிறவன் நான்.

நிரப்பி வைத்தேன். ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு.